இரண்டு விரல் அகலம்

என் தாடை சத்தம் போடத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். மலேசியாவில், மாசாய் ஊரின் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கேண்டீன் நடத்துகிறேன். ஓய்வு மணி அடித்ததும் பிள்ளைகள் கறிபாப் பலகாரத் தட்டை நோக்கி ஓடி வருவார்கள். "வரிசை!" என்று ஒரு கத்து கத்துவேன். அத்தனையும் அப்படியே நிற்கும். தேநீர் வாங்க வந்த தலைமையாசிரியர்கூட ஒருமுறை பயந்துபோய் வரிசையில் நின்றிருக்கிறார். அப்படி ஒரு நாள் கத்தி முடித்தபோது முன்னால் நின்ற பெண் பிள்ளை ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டது.

"ஆண்டி, உங்க வாய்க்குள்ள என்னா டக்குன்னு உடையுது?"

ஒன்றும் உடையவில்லை. திறந்து பார்த்தேன், டக். மூடிப் பார்த்தேன், இன்னொரு டக். வலது காதுக்குக் கொஞ்சம் முன்னால், பேனாவின் மேல்பக்கத்தை அழுத்தினால் கேட்குமே, அந்தச் சத்தம். வலி இல்லாததால் நான் கவலைப்படவில்லை. பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். தட்டைக் காலி பண்ணியவர்கள் மட்டும் வந்து கேட்கலாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மாதம் ஒரு பிள்ளையும் சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்து என் கன்னத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வகுப்புக்கு ஓடும்.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். யார் வீட்டுச் சாப்பாட்டிலும் குறை கண்டுபிடிக்காமல் என்னால் இருக்க முடியாது. துக்க வீட்டில்கூட ரசத்தில் மிளகு தூக்கல் என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் ஊருக்கே சமைத்துப் போட்டவளுக்கு நாக்கு சும்மா இருக்குமா? இந்த நாக்கால் என் மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப் போயின. முதல் வீட்டில் பாயசத்து ஜவ்வரிசி வேகவில்லை என்றேன். இரண்டாவது வீட்டில் காப்பி டின் வாசம் அடிக்கிறது என்றேன். இரண்டும் உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பிரயோசனம்? மகளுக்கு முப்பத்தொரு வயது ஆகிவிட்டது.

மூன்றாவது பையனை அவளே பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிங்கப்பூரில் ஒரே கம்பெனியில் வேலை. தினமும் விடியற்காலையில் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய்வருகிறவர்கள். பையன் பெக்கோக் ஊர்க்காரன், அப்பா இல்லை, அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் வைத்த மீன் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கை கழுவப் போனான். அது ஒன்றுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. மற்றபடி தங்கமான பையன்.

பெக்கோக்குக்குப் போய் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. மகள் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம்மா, உங்க கால்ல விழுறேன். அங்க போயி எதையும் குறை சொல்லாதீங்க. குடுக்கிறத சாப்பிடுங்க, சிரிங்க, வந்துடலாம். எனக்கு இவர்தான் வேணும்."

சரி என்று சத்தியம் பண்ணினேன். சாப்பிடுவது என்ன பெரிய காரியம்?

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் டீ தண்ணி குடிக்கலாம், அதற்குக் கணக்கில்லை. ஆனால் பிடித்திருந்தால்தான் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மகளின் கல்யாணம் நான் சாப்பிடப்போகும் ஒரு வேளைச் சோற்றில் இருந்தது.

போவதற்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலையில் எழுந்தேன். தாடையில் சத்தம் இல்லை. மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்த டக் நின்றே போயிருந்தது. தானாகச் சரியாகிவிட்டது, டாக்டருக்குப் படியளக்க வேண்டியதில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு ஒரு தோசையைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோனேன். தோசை பல்லில் இடித்துக்கொண்டு நின்றது. வாய் திறக்கவில்லை. ஒன்றரை விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, அதற்கு மேல் உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டுவிட்ட மாதிரி நின்றுவிட்டது. அழுத்தித் திறந்தால் காதுக்குள் ஊசி குத்தியது.

"என்னங்க!" என்று கத்தினேன். பல்லிடுக்கு வழியாக வந்ததால் அது கத்தல் மாதிரியே இல்லை.

என் வீட்டுக்காரர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். வந்தார், பார்த்தார். காதில் வலி என்று சொன்னதும் பூண்டை நசுக்கி நல்லெண்ணெயில் காய்ச்சிக் கொண்டுவந்து, என் தலையைச் சாய்த்து, காதில் அரைக் கரண்டி ஊற்றிவிட்டார். காது வலி குறையவில்லை. தலை முழுக்கப் பூண்டு வாசம் வந்ததுதான் மிச்சம். பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் தம்பி காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், விளக்கைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ஆண்டி, காதுல என்ன... மிளகாய்ச் சம்பாலா?"

எண்ணெயைக் கழுவி எடுத்தார். காது நல்ல காது, கோளாறு தாடை மூட்டில், பல் டாக்டரிடம் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பல் டாக்டர் என்றதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கடைவாய்ப் பல்தான் காரணம், அதைப் பிடுங்கினால் தீர்ந்தது என்று வழி முழுக்க வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பாவம், எப்போதும் போல் தலையை ஆட்டிக்கொண்டே கார் ஓட்டினார்.

பல் டாக்டர் ஒரு சீனப் பெண். என் மகளைவிட இளையவள், ஆனால் அவள் பார்வையில் எங்கள் பள்ளிக்கூட ஒழுங்காசிரியரே தோற்றுப்போவார். பல்லைப் பிடுங்கச் சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. என் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துக்கொண்டாள்.

"ஆண்டி, புக்கா முலுட்."

வாயைத் திறந்தேன்.

"லாகி. லாகி."

இன்னும் இன்னும் என்றால் எங்கே போவது? "இத்து சாஜா, டாக்டர்" என்றேன். அவ்வளவுதான், இதற்கு மேல் கிடையாது. சின்ன ஸ்கேலை எடுத்து என் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து அளந்தாள். வாய் திறக்கும்போது தாடை வலது பக்கம் ஒதுங்குவதை ஒரு கண்ணாடியில் எனக்கே காட்டினாள். உண்மைதான், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடமெல்லாம் வலித்தது, அத்தனை நாள் அங்கே வலி இருந்ததே எனக்குத் தெரியாது.

பிறகு உட்கார்ந்து விளக்கினாள். கோழிக்கால் எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழவென்று ஒன்று இருக்குமே, அதைப் போல ஒரு சின்ன மெத்தை தாடை எலும்புக்கும் மண்டை எலும்புக்கும் நடுவில் இருக்கிறதாம். என்னுடையது இடத்தைவிட்டு முன்னால் நழுவிவிட்டது. வாய் திறக்கும்போதெல்லாம் அது தன் இடத்துக்குத் திரும்பியதுதான் டக். இப்போது திரும்பவில்லை, வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் சத்தமும் இல்லை, வாயும் இல்லை. நான் சந்தோஷப்பட்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

"ஆண்டி கெட்டியான சாமான் கடிப்பீங்களா?" என்று அவள் மலாயில் கேட்டாள்.

இல்லவே இல்லை என்றேன். பின்னால் நின்ற வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். நான் தே ஓ ஐஸ், அதாவது பாலில்லாத ஐஸ் டீ, குடித்து முடித்ததும் கிளாசில் மிச்சமிருக்கும் ஐஸ் கட்டிகளைக் கடித்து நொறுக்கித் தின்பேன் என்று போட்டுக்கொடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று அவள் கேட்டாள். நாலு என்றார். ஐந்து, ஆனால் நான் திருத்தவில்லை.

"ராத்திரி தூங்கும்போது பல்லைக் கடிப்பீங்களா?"

தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் மாறியிருந்தது. பெரிய மர்மம் ஒன்று விலகிய முகம்.

"டாக்டர்," என்றார் மெதுவாக, "சாயா இங்காட் திக்குஸ்."

எலி என்று நினைத்தாராம். மூன்று மாதமாக எங்கள் படுக்கையறையில் நறநறவென்று ஒரு சத்தம். இந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிலுக்கடியில் இரண்டு எலிப்பொறி வைத்து, தினமும் கருவாட்டுத் துண்டு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அறையில் கருவாட்டு வாசம் என்று நான் மூன்று மாதமாகச் சண்டை போட்டேனே, அது இதுதான். மூன்று மாதத்தில் ஒரு எலியும் விழவில்லை. புத்திசாலி எலி என்று அவருக்கு அதன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டதாம். தாதி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"ஆண்டிக்கு மனசுல கவலை ஏதும் இருக்கா?" என்று டாக்டர் கேட்டாள்.

எனக்கு என்ன கவலை, ஒன்றும் இல்லை என்றேன். "மகளுக்குக் கல்யாணம் பேசுறோம்" என்றார் வீட்டுக்காரர். அன்றைய இருபது வார்த்தையையும் அங்கேயே செலவழித்துவிட்டார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாள்.

கத்தி, ஊசி எதுவும் இல்லை என்றாள். பல்லுக்கு அச்சு எடுத்து, இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் காப்பு செய்து தருவாள், வர பத்து நாள் ஆகும். வெந்நீர் ஒத்தடம், வலிக்கு மாத்திரை, காலையும் மாலையும் வாய்ப் பயிற்சி. ஐஸ் தொடக் கூடாது. கொட்டாவி வந்தால் மோவாய்க்கடியில் முட்டியை வைத்துக்கொள்ள வேண்டும். மெல்ல வேண்டிய எதையும் சாப்பிடக் கூடாது, எல்லாம் கஞ்சி, கூழ், மசியல். மூன்று விரலை நிற்க வைத்தால் நுழைவதுதான் நல்ல வாய். ஒரு மாதத்தில் இரண்டு விரல் வந்தால் பெரிய விஷயம், அதுவரை அவசரப்பட்டு நானே இழுத்துத் திறக்கக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னாள். முக்கியமானது இன்னொன்று. உதடு மூடியிருக்கலாம், உள்ளே பல்லும் பல்லும் சேரக் கூடாது. நான் விழித்திருக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேனாம். அது நினைவுக்கு வர, கண் படுகிற இடத்திலெல்லாம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள், பார்த்ததும் தாடையைத் தளர்த்துங்கள் என்றாள்.

வீட்டில் ஸ்டிக்கர் பொட்டுக்கா பஞ்சம்? அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு பாக்கெட் மெரூன் பொட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஃப்ரிஜ்ஜில் ஒன்று, தொலைக்காட்சியில் ஒன்று, கேஸ் அடுப்புத் திருகில் ஒன்று, குளியலறைக் குழாயில் ஒன்று. வீடு முழுக்கச் சுமங்கலியாகிவிட்டது. கடைசியில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். நெற்றி நடுவில் ஒரு பொட்டு.

"என்னங்க இது?"

"நீ பல்லைக் கடிக்கிறதே என்னையப் பாத்துதானே."

முப்பத்துமூன்று வருடத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே நகைச்சுவை அது. என்னால் சிரிக்கவும் முடியவில்லை, தாடை வலித்தது.

பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றாள் மகள். நான் விடவில்லை. வீடு பார்க்க நாள் குறித்துவிட்டுத் தள்ளிப்போட்டால் தடங்கல் என்பார்கள். சரி, பையன் அம்மாவுக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள். அதற்கு நான் துள்ளிக் குதித்தேன். பெண்ணின் அம்மாவுக்கு வாய் கோணிவிட்டதாம், வாதமாம், பரம்பரையாம் என்று பெக்கோக்கிலிருந்து செகாமட் வரைக்கும் பேசுவார்கள். யாரும் மூச்சு விடக் கூடாது, சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்றேன். என்ன சொல்வது என்று மட்டும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கேண்டீனில் எத்தனை கறிபாப் என்று முதல் நாளே கணக்குப் போடுகிறவள் நான், அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முன்பு தங்காக்கில் வாங்கி வைத்திருந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரரோடும் மகளோடும் கிளம்பினேன். பையனுக்கு அன்று வேலை, வர முடியவில்லை. பெக்கோக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. பையனின் அம்மா வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போனார். குள்ளமான, சுறுசுறுப்பான மனுஷி. அடுப்பங்கரையிலிருந்து வந்த வாசத்தில் என் கண் செருகியது. கம்பத்து நாட்டுக்கோழிப் பிரட்டல். சோம்பு சரியான பதத்தில் வறுபட்டிருந்தது. நான் ஆறு நாளாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள்.

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எனக்காகத்தான். அந்த அம்மா அவரைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகம்.

முதலில் டீயும் முறுக்கும் வந்தன. டீயைக் குடித்துவிட்டேன். முறுக்கைக் கையில் எடுத்துவிட்டுத்தான் யோசித்தேன். இரும்புக் கம்பி மாதிரி நல்ல முறுக்கு. கடிக்கிற மாதிரி பாவனை பண்ணி, அவர் திரும்பியபோது கைப்பைக்குள் போட்டேன். "நல்லா இருக்கா அக்கா? இன்னும் ரெண்டு எடுத்துக்குங்க" என்றார் ஆசையாக. அந்த இரண்டும் பைக்குள் போயின. உதட்டைத் திறக்காமல் நான் சிரித்த சிரிப்பு வெளியிலிருந்து பார்க்க எப்படி இருந்தது என்று மகள் பிறகு சொன்னாள். மீன் வாடை அடிக்கிற தட்டைப் பார்ப்பது மாதிரி இருந்ததாம்.

பிறகு இலை போட்டார்.

"வாங்க அக்கா, சாப்பிடலாம். உங்களுக்குன்னே காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு செஞ்சேன். நீங்க பெரிய சமையல்காரங்கன்னு எங்க தம்பி சொல்லுச்சு. பயமா இருக்கு லா."

மகள் முந்திக்கொண்டாள். "அம்மா இன்னிக்கு விரதம், ஆண்டி."

அதே நொடியில் வீட்டுக்காரரும் வாயைத் திறந்தார். "வர்ற வழியில யோங் பெங்ல வயிறு முட்டச் சாப்பிட்டுட்டாங்க."

நான் இரண்டுக்கும் தலையை ஆட்டினேன்.

அந்த அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. எனக்கு முகமெல்லாம் வேர்த்தது. பல்லை இறுக்கிக் கடித்திருந்தேன். வீட்டுக்காரர் தன் நெற்றிப் பொட்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். எங்கள் மூன்று பேரில் பைத்தியம் யார் என்று அந்த அம்மா கணக்குப் போட்டிருப்பார். துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை எடுக்கலாம் என்று கைப்பையைத் திறந்து இழுத்தேன். கைக்குட்டையோடு மூன்று முறுக்கும் வந்து இலை மேல் விழுந்தன. ஒன்று உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

அந்த அம்மா குனிந்து அதை எடுத்தார். ஊதித் தூசு தட்டி, தட்டில் வைத்தார். அடுப்பங்கரைக்குப் போய், பிரட்டல் முழுவதையும் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டுக்கொண்டு வந்து மகள் கையில் கொடுத்தார். "தம்பிக்கும் உனக்கும்தான் இது. அம்மாவுக்குப் புடிக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. எங்க வீடு அவங்களுக்குப் புடிக்கலன்னா வற்புறுத்தக் கூடாது, இதோட விட்டுடலாம் தம்பி என்று அந்த அம்மா பையனிடம் சொல்லிவிட்டார். அவன் எவ்வளவோ எடுத்துச் சொன்னானாம். தாடை, மெத்தை என்று அவன் சொன்னதெல்லாம் அவருக்கு மூன்றாவது சாக்காகத்தான் கேட்டிருக்கிறது. யார் நம்புவார்கள்? அம்மாவை மீறிக் கல்யாணம் பண்ணமாட்டேன் என்று மகளிடம் அழுதிருக்கிறான்.

மகள் சிங்கப்பூரிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். என்னைத் திட்டுவாள் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். திட்டவில்லை.

"உண்மையச் சொல்லியிருக்கலாம்ல ம்மா" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் தாடை வலித்தது. அடுப்பு முன்னால் நின்றுகொண்டு, திருகில் ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தபடி யோசித்தேன். வாதம் என்பார்கள், பரம்பரை என்பார்கள் என்றெல்லாம் சொன்னது சும்மா. ஊரில் இருக்கிற எல்லார் இலையிலும் குறை சொன்னவளுக்குத் தன்னிடம் ஒரு குறை இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் சங்கதி. அந்தக் கர்வத்துக்கு என் பிள்ளையின் கல்யாணத்தைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை பிளாஸ்டிக் காப்பு வந்தது. மாட்டிக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை வீட்டுக்காரர் கட்டிலுக்கடியிலிருந்து எலிப்பொறிகளை எடுத்துக் கழுவிக் காயவைத்தார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லாமல் பெக்கோக்குக்குக் கிளம்பினோம். அவளுக்கு அன்று வேலை. வழியெல்லாம் என் மடியில் கேண்டீன் பிளெண்டர் இருந்தது. அதன் மேல் பல் டாக்டர் கொடுத்த சீட்டு, மருந்துப் பை, காப்பு டப்பா. வீட்டுக்காரர் கேள்வி கேட்கவில்லை. நெற்றியில் மட்டும் பொட்டு வைத்திருந்தார்.

கதவைத் திறந்த அந்த அம்மா எங்களையும் பிளெண்டரையும் பார்த்துக் கல்லாகிவிட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தாடை மூட்டு புடிச்சிக்கிச்சு தங்கச்சி. வாய் இவ்வளவுதான் தொறக்கும்." விரலை வாயில் வைத்துக் காட்டினேன். அப்போது இரண்டு நுழையவில்லை, ஒன்றே முக்கால். "உங்க பிரட்டல் வாசத்துல எனக்கு உயிரே போச்சு. கடிக்க முடியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் எனக்காகப் பொய் சொன்னாங்க. முறுக்க ஒளிச்சது நான்தான். தப்பு என்னோடது. எம்புள்ளைய விட்டுடாதீங்க."

காப்பு டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். சீட்டையும் வாங்கிப் பார்த்தார். அதில் ஸ்கேல் அளவு எழுதியிருந்தது. பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு என்னா பொட்டு?"

"அவ பல்லைக் கடிக்காம இருக்க," என்றார் வீட்டுக்காரர்.

"அலமாக்" என்று அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லக்கா. என்னா கொறை வெச்சோம், என்னா கொறை வெச்சோம்னு அந்த முறுக்க நானே தின்னு தின்னு பாத்தேன்." எழுந்து, பிளெண்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றும் ஞாயிறு, அன்றும் அடுப்பில் பிரட்டல். நான் கேட்டுக்கொண்டபடி எலும்பை நீக்கி, கறியையும் மசாலாவையும் சோற்றோடு சேர்த்துப் போட்டார். பிளெண்டர் கத்தியது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவர் பார்த்துப் பார்த்துக் கிளறிய கோழியின் பதம் எல்லாம் போய், மண் நிறத்தில் ஒரு கூழ் வந்தது. இலை போட்டு, ஒரு கரண்டி கூழை நடுவில் ஊற்றினார். அது நாலா பக்கமும் ஓடியது. நான் விரலால் வழித்து, ஒன்றே முக்கால் விரல் இடைவெளியில் உள்ளே தள்ளினேன். எனக்கு வெட்கம் போய்விட்டிருந்தது.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு அக்கா?"

வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. இரண்டு வரன் போன கதை அவருக்கு மறக்குமா? இரண்டு கையாலும் பொட்டைக் காட்டினார். பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் போன வாரத்து வினையெல்லாம் பொய்யால்தான் வந்தது. இனி இந்த வீட்டில் எனக்குப் பொய் வேண்டாம்.

"ருசி ரொம்ப நல்லா இருக்கு. நான் செஞ்சா இந்த அளவுக்கு வராது." மூச்சை இழுத்துக்கொண்டேன். "உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கம்மி."

வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா பிளெண்டர் ஜாடியில் விரலை விட்டு எடுத்து நக்கிப் பார்த்தார். கூரையைப் பார்த்து யோசித்தார். இன்னொரு முறை நக்கினார்.

"ஆமா," என்றார். "அன்னைக்கு சரியாத்தான் போட்டேன். இந்த வாரம் பூரா மனசு சரியில்ல, கை தவறிடுச்சு."

அடுப்பங்கரைக்குப் போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்தார். அவரே போடுவார் என்று இலையைத் தள்ளி வைத்தேன். போடவில்லை. டப்பாவை என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"இனிமே நீங்களே பாத்துப் போட்டுக்குங்க, சம்பந்தி."

ஓவென்று கத்தி அழ வேண்டும்போல் வாய் தானாகத் திறந்தது.

"ரெண்டு விரல்! ரெண்டு விரல்!" என்று வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்து என் மோவாயைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தபடியே இருக்க, நான் உப்பைப் போட்டுக் கலந்து, இலையில் ஓடிய எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டேன். அந்த அம்மா என் மகளுக்கு போன் போட்டு, "உங்கம்மா சாப்பிட்டுட்டாங்கம்மா" என்றார்.